உயிர் பிழைத்தலும் காதலும்: ஃபேன்டசி, டிஸ்டோபியா நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வகை நாவல்களைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். எந்தக் கதையின் முடிவையும் சொல்லவில்லை. 8, 10 ஆகிய பதில்களில் மட்டும் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ முதல் நூலின் ஒரு காட்சி விரிவாக வருகிறது. அதை அறியாமல் படிக்க விரும்புகிறவர்கள் அந்த இரண்டையும் தாண்டிச் செல்லலாம்.

1. டிஸ்டோபியா, ஃபேன்டசி ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கதையில் எதிரி யார் என்று பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். டிஸ்டோபியாவில் எதிரி சட்டம். மனிதர்களே திட்டமிட்டுக் கட்டிய ஒரு ஆட்சிமுறை மனிதர்களை நசுக்குகிறது. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலில் பனெம் என்ற நாடு, அதற்கு ஒரு தலைநகரம், அதற்கு அடங்கிய 12 மாவட்டங்கள். ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என 24 பேரைப் பிடித்துப்போய், ஒருவர் மிஞ்சும்வரை மோதவிட்டு ஒளிபரப்புகிறார்கள். இதைச் செய்வது பேயோ பூதமோ அல்ல, அரசாங்கம்.

ஆட்சியே இல்லாமல் எல்லாம் இடிந்துபோன உலகம் வேறு வகை. ‘தி ரோட்’ (2006) அப்படிப்பட்டது: சாம்பல் மூடிய நிலத்தில் ஒரு அப்பாவும் மகனும் நடக்கிறார்கள், பசியும் குளிரும் வழிப்போக்கர்களும்தான் அபாயம். மந்திரம் நிஜமாக வேலை செய்யும் உலகம் ஃபேன்டசி. அதில் காதல் கதைக்கும் சாகசத்துக்கும் சம எடை இருந்தால் இப்போது ‘ரொமான்டசி’ என்கிறார்கள். கலப்பும் உண்டு. ‘ரெட் குயீன்’ (2015) நாவலில் வெள்ளி நிற ரத்தம் உள்ளவர்களுக்கு அபூர்வ சக்திகள், சிவப்பு ரத்தக்காரர்கள் அவர்களுக்கு ஊழியம் செய்ய வேண்டும். சக்திகள் ஃபேன்டசி, சட்டம் டிஸ்டோபியா.

2. இதெல்லாம் ஸ்கூல் பசங்க படிக்கிறதுதானே? எனக்கு நாப்பது வயசு.

‘இளையோர் நாவல்’ என்பது பதிப்பாளர் புத்தகத்தை வைக்கும் அலமாரியின் பெயர். கதாநாயகிக்குப் பதினாறு வயது என்பதைத் தவிர அது வேறு அதிகம் சொல்லாது. லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கிய நூல். ஆனால் வலியே இல்லாத ஊர் எதை இழந்திருக்கிறது என்ற அதன் கேள்வி, கொஞ்சம் இழந்து பார்த்தவர்களுக்குத்தான் முழுதாக உறைக்கும்.

பெரியவர்களுக்கென்றே எழுதப்பட்டது வேண்டுமானால் மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985), ஆக்டேவியா பட்லரின் ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ (1993) இரண்டும் உண்டு. இரண்டாவது நாவல் 2024இல் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மதில் கட்டி வாழும் ஒரு தெரு, அதில் வளரும் பதினைந்து வயதுப் பெண். பிழைப்பு, பயணம், வயது வித்தியாசம் அதிகமுள்ள ஒரு காதல் என எல்லாம் இருக்கிறது. இந்தப் பட்டியலில் இரண்டாம் முறை படிக்கத் தகுந்தவற்றில் முதலிடம் அதற்குத்தான்.

3. முதல்ல எந்தப் புத்தகம் எடுக்கலாம்?

தயங்காமல் ‘தி ஹங்கர் கேம்ஸ்’. மூன்று பகுதி, பகுதிக்கு ஒன்பது அத்தியாயம், மொத்தம் 27. அடுத்த இரண்டு நூல்களும் இதே கணக்குதான். நாளுக்கு மூன்று அத்தியாயம் படித்தால் ஒரு நூல் ஒன்பது நாளில் முடியும். அதுவும் பெரிதாகத் தோன்றினால் 23 சிறிய அத்தியாயங்கள் கொண்ட ‘தி கிவர்’. ஆனால் அதில் காதல் ஒரு சாயலாக மட்டுமே வரும்.

பலர் தவறுவது, கடை மேஜையில் உயரமாக அடுக்கியிருப்பதை எடுப்பதில். ‘ஃபோர்த் விங்’ (2023) சுமார் 500 பக்கம், தொடரின் முதல் நூல் மட்டுமே, தொடர் இன்னும் முடியவில்லை. ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ எட்டு நூல். இந்த வகை பிடிக்குமா என்றே தெரியாத நிலையில் இவ்வளவு பெரிய ஒப்பந்தம் வேண்டாம்.

4. நான் குடும்ப நாவல், காதல் நாவல்தான் படிப்பேன். இது எனக்கு ஒத்து வருமா?

வரும். பெண் பார்ப்பது, வீட்டார் முடிவு செய்வது, மனசுக்குள் இன்னொருவன் என்று நீங்கள் படித்துப் பழகிய சிக்கலில், வீட்டாரின் இடத்தில் அரசாங்கம் வந்து உட்காருகிறது. ‘மேட்ச்ட்’ (2010) நாவலில் யாருக்கு யார் ஜோடி என்பதை அரசே கணக்குப் போட்டுச் சொல்கிறது. ‘டெலீரியம்’ (2011) உலகத்தில் காதல் ஒரு நோய், 18 வயதில் அறுவைச் சிகிச்சை செய்து அதை நீக்கிவிடுகிறார்கள். ‘தி செலக்ஷன்’ (2012) நாட்டில் எட்டுச் சாதி. இளவரசனை மணக்க 35 பெண்கள் அரண்மனைக்கு வருகிறார்கள்.

மூன்றிலும் ரத்தம் குறைவு, மனப்போராட்டம் அதிகம். அங்கே தொடங்கி, பிடித்தால் கடுமையான நாவல்களுக்குப் போகலாம்.

5. தமிழ்ல இந்த மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ முழுக்க முழுக்க டிஸ்டோபியா. ஜீவா என்ற சர்வாதிகாரியின் எதிர்கால இந்தியா, இரண்டெழுத்துப் பெயர்கள், குழந்தை பெற அரசின் அனுமதி. காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவும் ஜீனோ என்ற இயந்திர நாயும்தான் கதையை நடத்துகிறார்கள். தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) இந்த வகையென்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆட்டுக்குட்டிக்கும் காது குத்திக் கணக்கில் ஏற்றும் அரசு, பஞ்சம், பூவன் மீது பூனாச்சிக்கு வரும் காதல், இத்தனையும் அதில் உண்டு. பிழைத்தலையும் காதலையும் பிரிக்க முடியாதபடி எழுதிய தமிழ் நாவல் எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

6. பேரு, ஊரு, குலம்னு அம்பது பக்கத்துக்குள்ள தலை சுத்துது. என்ன பண்றது?

மனப்பாடம் செய்யாதீர்கள். நல்ல எழுத்தாளர் முக்கியமான பெயரைத் திரும்பக் கொண்டுவருவார். வராதது உங்களுக்குத் தேவையில்லை. பனெம் நாட்டின் 12 மாவட்டங்களில் நிலக்கரி வெட்டும் 12ஆவதும் விவசாயம் செய்யும் 11ஆவதும் போட்டிக்கென்றே பிள்ளைகளைப் பழக்கும் 1, 2ஆவதும் தெரிந்தால் முதல் நூலுக்குப் போதும்.

ஒரு துண்டுத் தாளைப் புத்தகக் குறியாக வைத்துக்கொண்டு மூன்றே விஷயம் எழுதுங்கள்: இந்த உலகத்தில் எது தடை, மீறினால் என்ன தண்டனை, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். வம்சாவளி வேண்டாம். ‘டைவர்ஜென்ட்’ (2011) போன்ற நூலில் ஐந்து பிரிவுகள் வரும். அப்னிகேஷன் சுயநலமின்மை, டான்ட்லெஸ் துணிவு, எருடைட் அறிவு, அமிட்டி சமாதானம், கேண்டர் உண்மை என்று ஒரு சொல் போதும். வரைபடம் இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள், முதலிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டாம். ஐம்பது பக்கம் தாண்டியும் ‘எது தடை’ என்ற வரி காலியாகவே இருந்தால் குறை உங்களுடையது அல்ல.

7. இங்கிலீஷ்ல படிக்க பயமா இருக்கு. டிக்ஷனரி வெச்சுக்கிட்டுப் படிக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடிக்கடி திறக்காதீர்கள். ஒரு சொல் மூன்றாம் முறை குறுக்கே வந்தால் மட்டும் பாருங்கள். இந்த வகையில் இன்னொரு சிக்கல்: பல சொற்கள் அகராதியிலேயே இருக்காது. ‘டிராக்கர் ஜாக்கர்’ (ஆய்வகத்தில் மாற்றிய கொலைகாரக் குளவி), ‘அவாக்ஸ்’ (தண்டனையாக நாக்கு அறுக்கப்பட்டவர்) எல்லாம் எழுத்தாளர் உருவாக்கியவை. ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் முதல் முறை புரியாது. இரண்டு பத்தி பொறுத்தால் கதையே விளக்கும்.

‘தி கிவர்’ மிக எளிய ஆங்கிலம். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ அடுத்த படி, வாக்கியங்கள் குட்டி. ‘தி ரோட்’ ஆரம்பத்தில் வேண்டாம், அதில் பேச்சுக்கு மேற்கோள் குறியே கிடையாது, யார் பேசுகிறார்கள் என்று தடுமாறுவீர்கள். முதல் மூன்று அத்தியாயங்களை ஒலிநூலாகக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பார்த்தால் உச்சரிப்புப் பயம் போய்விடும்.

8. உயிர் போற நேரத்துல காதல் எதுக்கு? கதையை இழுக்கத்தானே?

மோசமான நாவலில் அப்படித்தான். நல்லதில் காதலும் பிழைப்பும் ஒரே கயிற்றின் இரு புரி. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ களத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கதாநாயகி காட்னிஸ் கைப்பற்றிய பையில் இருப்பவை: மெல்லிய தூக்கப்பை, ஒரு பொட்டலம் பிஸ்கட், காய்ந்த மாட்டிறைச்சி, ஒரு குப்பி அயோடின், தீப்பெட்டி, கொஞ்சம் கம்பி, கறுப்புக் கண்ணாடி, மூடி போட்ட ஒரு காலி பாட்டில். தண்ணீர் இல்லை. வெளியே இருக்கும் வழிகாட்டி ஹேமிச், ஆதரவாளர்கள் தரும் பணத்தில் பாராசூட்டில் எதையாவது அனுப்ப முடியும். நா வறண்டு அவள் கேட்டும் அனுப்பவில்லை. யோசிக்கிறாள்: அவர் தராததற்கு ஒரே காரணம், தண்ணீர் அருகிலேயே இருக்கிறது. அப்படியே ஆகிறது. அனுப்புவதும் அனுப்பாததும் செய்தி என்று அவள் கற்றுக்கொள்வது இங்கே.

பிறகு குகைக் காட்சி. போட்டிக்கு முன்பே தொலைக்காட்சியில் அவளைக் காதலிப்பதாகச் சொன்ன பீட்டா, காலில் வெட்டுக்காயம் புரையோடிக் கிடக்கிறான். அவள் முத்தமிடுகிறாள். வெளியே வந்தால் வெள்ளிப் பாராசூட்டில் ஒரு பானைச் சூப்பு, சூடாக. அவளுக்கு உடனே கணக்குப் புரிகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு பானைச் சூப்பு. பார்ப்பவர்களுக்குக் காதல் கதை வேண்டும், கொடுத்தால் பசி தீரும்.

அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு தொடுகையும் பசிக்காகவா, மனசாகவா என்று நமக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. காதலை எடுத்துவிட்டால் இருவரும் பட்டினியில் சாவார்கள். பசியை எடுத்துவிட்டால் அந்தக் காதலின் சந்தேகமே இல்லாமல் போகும். இந்த வகை நாவலுக்கு வைக்க வேண்டிய ஒரே உரைகல் இதுதான்: ஒன்றை உருவினால் மற்றது நிற்கிறதா? நின்றால் அந்தக் காதல் வெறும் ஒட்டு.

9. அப்போ நல்ல நாவலை முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உலகத்தின் விதி, கதாபாத்திரத்தின் சொந்தக் கணக்காக வருகிறதா என்று முதல் சில அத்தியாயங்களில் பாருங்கள். பனெமில் 12 வயதில், போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் உங்கள் பெயர் ஒரு சீட்டில் போகும், 13இல் இரண்டு, இப்படி 18இல் ஏழு. பட்டினியாக இருந்தால் கூடுதல் சீட்டுப் போட ஒப்புக்கொண்டு ஒருவருக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கலாம், குடும்பத்தில் தலைக்கு ஒன்று. அதுவும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். அம்மா, தங்கை, தான் என மூவருக்கு ஐந்து ஆண்டு வாங்கிய கதாநாயகி காட்னிஸுக்கு 16 வயதில் 5 + 15 = 20 சீட்டு. ஐந்து பேர் குடும்பத்தைத் தாங்கும் அவள் தோழன் கேலுக்கு 18 வயதில் 7 + 35 = 42.

இந்தக் கணக்கு ஒன்றே போதும். ஏழைப் பிள்ளைகள் ஏன் அதிகம் சாகிறார்கள், கேலுக்கு ஏன் அத்தனை கோபம், பிள்ளையே பெறப் போவதில்லை என்று அவள் ஏன் சொல்கிறாள் என்ற மூன்றுக்கும் விடை அதில் இருக்கிறது. பிள்ளை வேண்டாம் என்பவளுக்குக் காதல் எவ்வளவு செலவு என்பதும்தான்.

தேறாத நாவலுக்கு அடையாளங்கள்: ஒரு பெரியவர் உட்கார்ந்து நாலு பக்கம் வரலாறு சொல்வார். கதாநாயகிக்கு மட்டும் விதி விலகும். நேற்று முறிந்த விலா இன்று முத்தக் காட்சியில் வலிக்காது. மூன்று நாள் ஓடியும் யாருக்கும் பசிக்காது. கடைசி இரண்டையும் பார்த்தால் தயங்காமல் மூடி வைக்கலாம்.

10. படம் பாத்துட்டேன். இனி புத்தகம் எதுக்கு?

8ஆம் பதிலில் சொன்ன சூப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்த படத்தில் அதோடு ஹேமிச்சின் சீட்டு ஒன்று வருகிறது, முத்தம் போதாது என்று கிண்டலாக. புத்தகத்தில் சீட்டு கிடையாது. அவளே கணக்குப் போட்டுப் புரிந்துகொள்கிறாள். படத்தில் காமிரா அவளை விட்டு வெளியே போய்க் கட்டுப்பாட்டு அறையையும் அதிபரையும் காட்டும். புத்தகத்தில் அவள் தலைக்குள்ளிருந்து ஒரு நொடியும் வெளியேற முடியாது. காதல் நிஜமா நடிப்பா என்ற சந்தேகம் அங்கேதான் வாழ்கிறது. முடிவு தெரிந்திருந்தாலும் படியுங்கள்.

11. எல்லாமே “நான் ஓடுறேன், நான் பாக்குறேன்”னே எழுதியிருக்காங்க. ஏன்?

‘ஓடினேன்’ என்று சொல்பவர் பிழைத்து வந்துதான் சொல்கிறார். ‘ஓடுகிறேன்’ என்பவருக்கு அடுத்த வரி உறுதியில்லை. பிழைப்புக் கதைக்கு இந்த நிகழ்காலம் வசதி. ‘டைவர்ஜென்ட்’, ‘ஃபோர்த் விங்’ இரண்டும் இப்படித்தான்.

காதலுக்கும் இதனால் ஒரு லாபம் உண்டு. கதாநாயகி தன் பயத்தில் இருப்பாள், எதிரில் இருப்பவன் மனசு அவளுக்குத் தெரியாது. நமக்கு மட்டும் அவன் கை என்ன செய்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறான் என்று கண்ணில் படும். அவள் உணரும் முன் நாம் கண்டுபிடிப்பதில்தான் பாதிச் சுகம். ஆகவே சண்டைக் காட்சிகளில் வேகமாக ஓடாதீர்கள், யார் யாருக்குக் கம்பளியைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

12. முன்கதை நாவல் இருந்தா அதை முதல்ல படிக்கணுமா?

வேண்டாம். வெளிவந்த வரிசையில் படியுங்கள். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ முதல் நூலில் காட்னிஸ் கலந்துகொள்வது 74ஆவது போட்டி. அதன் முன்கதைகளில் ‘தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்’ (2020) சொல்வது 10ஆவது, ‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’ (2025) சொல்வது 50ஆவது. கால வரிசைப்படி 2020 நூலை முதலில் எடுத்தால், பனெமின் அதிபர் ஸ்நோ என்ற மனிதரை இளைஞனாகச் சந்திப்பதில் இருக்கும் நடுக்கம் கிடைக்காது. அவர் பின்னால் என்னவாகப் போகிறார் என்று தெரிந்து படிக்கும்போதுதான் அந்தக் காதல் கதை பயமுறுத்தும்.

‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ தொடரில் மட்டும் உண்மையான குழப்பம் உண்டு. முன்கதைத் தொகுப்பான ‘தி அசாசின்ஸ் பிளேட்’ நூலை மூன்றாவது நூலான ‘ஏர் ஆஃப் ஃபயர்’ முடித்தபின் படிப்பது நல்லது. ‘எம்பயர் ஆஃப் ஸ்டார்ம்ஸ்’, ‘டவர் ஆஃப் டான்’ இரண்டும் ஒரே காலத்தில் நடப்பவை. அத்தியாயம் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை அது வேண்டாம், ஒன்றை முடித்து மற்றதை எடுங்கள்.

13. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழ வெக்க முடியல. முடிச்சதும் மனசு கனக்குது.

அத்தியாயக் கடைசியில் நிறுத்த முயல்வதுதான் தவறு. இந்த நாவல்களில் கடைசி வரி உங்களை அடுத்த பக்கத்துக்குத் தள்ளவே எழுதப்படுகிறது. அத்தியாயத்தின் நடுவில், ஒரு உரையாடல் அடங்கிய இடத்தில் மூடி வையுங்கள், தூக்கம் வரும்.

கனத்துக்கு: தொடரின் இரு நூல்களுக்கு நடுவே வேறு வகையில் மெல்லிய நூல் ஒன்று படியுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கினால் சாவுகளுக்கு மனசு மரத்துப்போகும், எழுத்தாளர் உழைத்துக் கட்டிய இழப்பு வீணாகும். உங்கள் வீட்டில் அண்மையில் ஒரு துக்கம் நடந்திருந்தால் ‘தி ரோட்’ நூலை ஒரு வருடம் தள்ளி வையுங்கள்.

14. அதுல வர்ற மாதிரி நிஜமாவே பிழைக்க முடியுமா?

சில சரி. தண்ணீரைச் சுத்தமாக்க அயோடின் போட்டு அரை மணி நேரம் காத்திருப்பது நிஜ நடைமுறை. 2 சதவீத டிங்சர் அயோடின் என்றால் தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 5 சொட்டு, கலங்கலுக்கு 10 சொட்டு, குறைந்தது 30 நிமிடம். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில கிருமிகள் இதற்குச் சாகாது. தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அயோடின் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும். கொதிக்க வைப்பதே மேல்.

காட்னிஸ் என்ற பெயர்கொண்ட நீர்த்தாவரம் உண்மையில் உண்டு, கிழங்கு உண்ணத் தகுந்தது, தாவரவியலில் ‘சஜிட்டேரியா’. அதே கதையில் வரும் ‘நைட்லாக்’ நச்சுப் பழம் கற்பனை. எது நிஜம், எது கற்பனை என்று நாவல் பிரித்துச் சொல்லாது. ஆகவே அதை நம்பி எந்தக் காட்டுப் பழத்தையும் வாயில் வைக்காதீர்கள்.

15. என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. எதைக் குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாது?

‘தி கிவர்’ தாராளமாக. ‘தி ஹங்கர் கேம்ஸ்’, ‘டைவர்ஜென்ட்’, ‘தி மேஸ் ரன்னர்’ (2009) கொடுக்கலாம். பிள்ளைகளைப் பிள்ளைகளே கொல்லும் கதை என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். ஜப்பானிய நாவலான ‘பேட்டில் ராயல்’ (1999) கருவில் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நூலுக்கு நெருக்கம், ஒரு வகுப்பின் 42 மாணவர்கள். ஆனால் வன்முறை மிக அதிகம், பதின்மூன்றுக்கு ஆகாது.

‘ஃபோர்த் விங்’ தொடரும் ‘ஏ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ தொடரும் வயது வந்தவர்களுக்கானவை, உடலுறவுக் காட்சிகள் விரிவாக உண்டு. அட்டையில் பூவும் டிராகனும் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டாவது தொடர் முதலில் இளையோர் பிரிவில் வந்து பின்னர் பெரியவர்கள் பிரிவுக்கு மாறியது, பழைய பிரதிகளின் அட்டை இன்னும் குழப்பும். ‘ஃபோர்த் விங்’ தொடக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, கடையிலேயே அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மறைத்து வைப்பதைவிட, இது பதினெட்டுக்கு அப்புறம் என்று காரணத்தோடு சொல்வது வேலை செய்யும்.

16. ஏன் எப்பவும் ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க?

நன்றாக எழுதினால் அந்த இரண்டு பேரும் இரண்டு பதில்கள். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் கேல், காட்னிஸோடு காட்டில் வேட்டையாடியவன், அரசை எரிக்க வேண்டும் என்பவன். பீட்டா, சாக நேர்ந்தாலும் தான் தானாகவே சாக வேண்டும் என்பவன். அவள் தேர்வு செய்ய வேண்டியது ஆளை மட்டும் அல்ல, இந்த ஆட்சிக்குக் கீழே எப்படி வாழ்வது என்பதையும். 9ஆம் பதிலின் 42 சீட்டை நினைத்துக்கொண்டு கேலின் பேச்சைப் படித்தால் இது விளங்கும்.

ஒருவனுக்குக் கறுப்பு முடி, இன்னொருவனுக்குப் பொன்முடி, மற்றபடி இருவரும் ஒன்றே என்றால் அது பக்கத்தை நிரப்பும் வேலை. அந்தப் பகுதிகளை மேலோட்டமாகக் கடந்துவிடலாம், ஒன்றும் தவறாது.

17. ஹீரோ மிரட்டுறான், அடைச்சு வைக்கிறான். அதையும் காதல்ங்கிறாங்களே, படிக்கலாமா?

நியாயமான உறுத்தல், அதை விட்டுவிடாதீர்கள். பகையாளி காதலனாவது இந்த வகையின் பெரிய ஈர்ப்பு. போர் நடக்கும் உலகில் எதிரியை நம்புவதே உயிரைப் பணயம் வைப்பது என்பதால் அதில் நிஜமான விறுவிறுப்பு உண்டு. ஆனால் சமபலமுள்ள இரு எதிரிகள் வேறு, சிறைக்காவலனும் கைதியும் வேறு. படிக்கும்போது கவனியுங்கள்: கதவின் சாவி யாரிடம்? அவனுக்கு அதிகாரம் இருக்கும் இடத்தில் அவள் ‘மாட்டேன்’ என்றால் என்ன நடக்கிறது? அவன் செய்ததற்கு விலை கொடுக்கிறானா, அல்லது சோகமான இளமைக் கதை ஒன்றைச் சொல்லித் தப்பிக்கிறானா?

மிக முக்கியம், நாவலுக்கு இது தெரியுமா என்பது. ‘ஏ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ முதல் நூல் ‘பாதுகாப்பு’ என்று காட்டிய ஒன்றை, இரண்டாம் நூல் (2016) அடைத்து வைப்பதாகத் திருப்பிப் பார்க்கிறது. முதல் நூலில் உங்களுக்கு உறுத்தியது வீண் இல்லை என்று அங்கே தெரியும். அப்படித் திரும்பிப் பார்க்காத நூல்களும் நிறைய. அவற்றை ரசிப்பது குற்றம் இல்லை. ஆனால் 15ஆம் கேள்வியில் வந்த வயதுப் பிள்ளை படித்தால், சாவிக் கேள்வியை நீங்களே பேச்சில் எடுத்துப் போடுங்கள்.

18. மூணாவது புத்தகம் மட்டும் ஏன் எப்பவும் சொதப்புது?

முதல் நூலுக்குச் சுவர் உண்டு. ஒரு களம், 24 பேர், ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை குறையும். நேரமும் இடமும் எழுத்தாளருக்கு உதவும். மூன்றாவதில் சுவர் இடிந்து போர் தொடங்கும். முடிவுகள் தளபதிகள் கையில், பதினேழு வயதுப் பெண்ணுக்குச் செய்ய என்ன இருக்கிறது? எழுத்தாளர் அவளைச் செயற்கையாக நடுவில் நிறுத்த வேண்டும், அல்லது அவள் ஓரத்தில் நிற்பதையே கதையாக்க வேண்டும். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ தொடரின் மூன்றாம் நூலான ‘மாக்கிங்ஜே’ (2010) இரண்டாவது வழியை எடுத்தது. பலருக்குப் பிடிக்காததன் காரணமும், அது உண்மையில் தொடரின் மிக நேர்மையான நூலாக இருப்பதன் காரணமும் அதுவே. ‘டைவர்ஜென்ட்’ தொடரின் மூன்றாம் நூலான ‘அலீஜியன்ட்’ (2013) திடீரென இரண்டு பேர் மாறி மாறிச் சொல்லும் கதையாகிறது. குரல்கள் போதிய அளவு வேறுபடாததால் யார் பேசுகிறார்கள் என்று அத்தியாயத் தலைப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நூலை எடுக்கும்முன் இரண்டாவதின் கடைசி மூன்று அத்தியாயங்களைத் திரும்பப் படித்துவிட்டு, இனி இது போட்டிக் கதை அல்ல, போர்க் கதை என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். ஏமாற்றம் பாதியாகும்.

19. கடைசில ஜோடி செத்துடுமோன்னு பயத்துலயே படிக்கிறேன். முடிவை முன்னாடியே தெரிஞ்சுக்கலாமா?

வகையைப் பொறுத்தது. ரொமான்டசியில் ஜோடி கடைசியில் சேரும் என்பது பெரும்பாலும் எழுதாத ஒப்பந்தம். நடு நூல்களில் பிரிவு வரும், தொடர் முடியும்போது கூடிவிடுவார்கள். அங்கே முடிவைத் தேடிப் பார்ப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை, எப்படிச் சேர்கிறார்கள் என்பதுதான் கதை. டிஸ்டோபியாவில் அப்படி ஒப்பந்தம் கிடையாது. யார் வேண்டுமானாலும் சாகலாம். 11ஆம் பதிலில் சொன்ன நிகழ்கால நடை, கதை சொல்பவரைக்கூடக் காப்பாற்றாது.

பயம் ரசனையைக் கெடுக்கும் அளவுக்குப் போனால், இணையத்தில் தேடாதீர்கள். தேடும் பெட்டியில் பெயரைத் தட்டும்போதே மற்ற எல்லாச் சாவும் பட்டியலாக வந்து நிற்கும். படித்து முடித்த ஒருவரிடம் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இவங்க ரெண்டு பேரும் கடைசில உயிரோட இருக்காங்களா?” எப்படி, எங்கே, யாரால் என்று அவர் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.